எலுமிச்சை தடவிய கை

மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

எறும்பு எழுதுவது. இங்கே மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்பதை மட்டும் வாராவாரம் உன் பத்திரிகையின் முப்பத்திரண்டாம் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஊரிலுள்ள முகப்பருவுக்கெல்லாம் பதில் எழுதுகிறாய், கூடப் பிறந்தவளுக்கு எழுத உனக்கு நேரமில்லை. ‘தனிப்பட்ட பதில் வேண்டுவோர் தபால்தலை ஒட்டிய உறை இணைக்கவும்’ என்று பக்கத்தின் அடியில் போடுகிறீர்களே, அதனால் நானும் ஓர் உறை இணைத்திருக்கிறேன். என் விலாசத்தையும் நானே எழுதிவிட்டேன். இனிமேல் உனக்குச் சாக்கே கிடையாது.

வெயில் தாங்கவில்லை அக்கா. மொட்டைமாடிக்கு நேர் கீழே வீடு எடுக்காதே என்று நீ சொன்னதை நான் கேட்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். சாயங்காலம் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. வாண்டுக்குக் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு. சொறிந்து சொறிந்து தோல் சிவந்துவிட்டது. பவுடர் கொட்டினேன், இன்னும் அதிகமானது. எனக்குக் கழுத்து கறுத்துவிட்டது. சீருடைக்குப் பொத்தான் தைக்கும் இடத்தில் பத்துப் பேருக்கு ஒரு மின்விசிறி. பள்ளி திறக்கப் போவதால் ஞாயிற்றுக்கிழமையும் அரைநாள் வரச் சொல்லிவிட்டார்கள். அன்றைக்கு மட்டும் வாண்டை அவர் பார்த்துக்கொள்கிறார்.

“உங்க அக்கா பேப்பர்லயே எழுதுறவங்க. அவங்ககிட்ட கேக்காம பவுடரைக் கொட்டிட்டு இருக்கியே” என்று அவர்தான் சொன்னார். உன் பக்கத்தைப் பணிமனையில் வாங்கி வந்து படிக்கிற ஒரே பஸ் மெக்கானிக் இவராகத்தான் இருப்பார். வெள்ளரிக்காய் பற்றி என்னிடம் பாடமே நடத்துகிறார். நீ ஒருமுறை வந்து பார்க்கக்கூடாதா? கல்யாணத்துக்கு வந்தவள், ஐந்து வருஷமாயிற்று. வாண்டு உன்னைப் போட்டோவில்தான் ‘பெரியம்மா’ என்கிறாள்.

உன்,
எறும்பு

---

மே 9

அன்புள்ள எறும்புக்கு,

உறை கிடைத்தது. கொழுப்பும் கிடைத்தது. அந்த உறையிலேயே பதில் எழுதுகிறேன், வீணாக்குவானேன்.

முதலில் பவுடரை எடுத்துப் பரண்மேல் போடு. வேர்வை வெளியே வரும் துளையை அது அடைத்துவிடும். வேர்க்குருவுக்குத் தண்ணீர்தான் மருந்து, மற்றதெல்லாம் நம் மனத்திருப்திக்கு. பிள்ளையைக் காலையிலும் மாலையிலும் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டு. தேய்க்காதே, துண்டால் ஒற்றியெடு. தொளதொளவென்று பருத்திச் சட்டை போடு, வீட்டில் அதுவும் வேண்டாம். எரிச்சலுக்கு வெள்ளரிக்காயைத் துருவி, துணியில் முடிந்து ஒத்தடம் கொடு. கற்றாழை போடுவதாயிருந்தால் மஞ்சளாக வடிகிற பாலைக் கழுவிவிட்டு உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடு. முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒருநாள் பார்த்துவிட்டுத்தான் முதுகில் தடவ வேண்டும். குரு பழுத்தாலோ காய்ச்சல் வந்தாலோ என் குறிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு டாக்டரிடம் ஓடு. உன் கழுத்துக் கறுப்புக்கு ஒன்றும் செய்யாதே. வெயில் போனால் அதுவும் போகும்.

பத்திரிகையில் ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே ஓர் எச்சரிக்கை வரி போட்டாக வேண்டும். எங்கள் பக்கத்தைச் சரிபார்க்கிற தோல் டாக்டர் அதில் கறார். உனக்கு எழுதுவதில் அந்தத் தொல்லை இல்லை.

போன மாதம் நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். பிள்ளையின் வெள்ளைக் கவுனில், இடுப்புக்கு இரண்டு பக்கமும் கறுப்பாகக் கைத்தடம். உன் மெக்கானிக் அவளைத் தூக்கியிருக்கிறார் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அது பிள்ளையா, ஸ்பேனரா? கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோதே பக்கம் முழுக்கக் கிரீஸை மை மாதிரி அப்பி வைத்த கைதானே. ஒரு மூடி எலுமிச்சையில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு நகக்கண் வரைக்கும் நன்றாகத் தேய்க்கச் சொல். கிரீஸ் விட்டுப்போகும். கழுவ வேண்டாம், துடைத்துவிட்டு அப்படியே காயவிட்டால் டீசல் நாற்றமும் போகும். அதன் பிறகு பிள்ளையைத் தொடட்டும்.

வருகிறேன், வருகிறேன். பத்திரிகையில் விடுப்பு கேட்டால் கோடைச் சிறப்பிதழ் என்கிறார்கள்.

உன்,
அக்கா

---

மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னதெல்லாம் செய்தேன். வேர்க்குரு அமுங்கிவிட்டது. வாண்டு வீட்டில் சட்டையில்லாமல் திரிந்து பழகி, இப்போது சட்டை போட்டால் ஊரைக் கூட்டுகிறாள். அவருக்கு உன் எலுமிச்சை வைத்தியத்தைச் சொன்னேன். (ஸ்பேனரைச் சொல்லவில்லை.) மனிதர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எலுமிச்சையும் கையுமாக உட்கார்ந்தால் அரைமணி நேரம். வீடே மணக்கிறது. “அக்கா வந்து பாக்கும்போது கை பளிச்சுனு இருக்கணும்” என்கிறார். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியில் இருக்கும் குழந்தைகள் நீச்சல் தொட்டிக்குப் போகிறார். அவளுக்குத் தண்ணீரென்றால் பயம். ஜட்டியோடு விளிம்பில் உட்கார்ந்து வெயில் காய்வாளாம், இவர் பின்னால் நின்று அவளைப் பிடித்துக்கொள்வாராம். உச்சிவெயிலில் ஒருமணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றாலும் அவள் இறங்கவே மாட்டாளாம்.

மே 24

இதுவரை எழுதியது முந்தாநாள். முடிக்கவில்லை. இப்போது அவசரமாக எழுதுகிறேன், எழுத்து புரிகிறதா பார்.

நேற்று குழந்தைகள் காப்பகத்தில் வாண்டுக்கு உடை மாற்றிய ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவளுடைய விலாவில் இரண்டு பக்கமும் நான்கு நான்கு கோடு. முதுகில் ஓர் உள்ளங்கை. ஐந்து விரலும் எண்ணலாம். முந்தாநாள் ராத்திரி லேசாகச் சிவந்திருந்ததைப் பார்த்தேன் அக்கா, வேர்க்குரு திரும்ப வருகிறது என்று வெள்ளரிக்காய் ஒற்றினேன். இப்போது அது காப்பிக் கறை மாதிரி கறுத்துவிட்டது. “யாரும்மா இப்படிச் செஞ்சது?” என்று ஆசிரியை கேட்டிருக்கிறார். அவள் தயங்கவே இல்லையாம். “அப்பா கை” என்றாளாம்.

குழந்தைகள் நல அலுவலகத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும், அது விதி என்கிறார்கள். அவரிடம் கேட்டேன். “நான் அவளை ஒருநாளாவது அதட்டியிருக்கேனா? நீயே சொல்லு” என்றார். அதட்டியதில்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருப்பதில்லையே. தண்ணீரில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளையை வெயிலில் பிடித்துக்கொண்டு நிற்கிறவருக்குக் கோபம் வராதா? இப்படியெல்லாம் யோசிக்கிறேன், யோசித்ததற்காக அழுகிறேன். கீழ்வீட்டுக்காரர் போனில் இதைப் பேச முடியாது, அந்த அம்மாள் பக்கத்திலேயே நிற்பார். உடனே எழுது.

உன்,
எறும்பு

---

மே 28

எறும்பு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நின்றுகொண்டே எழுதுகிறேன்.

பிள்ளையே சொல்லிவிட்டது. நாலு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. இனி நீ யாரிடம் கேட்க என்ன இருக்கிறது? அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவள் நான். அந்த ஆளைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன், நீ மூன்று நாள் சாப்பிடாமல் இருந்து என்னைச் சம்மதிக்க வைத்தாய். அதை இப்போது சொல்லிக்காட்டவில்லை. ஆனால் இரும்பைப் பிடித்துத் திருகுகிற கைக்கு எது இரும்பு, எது பிள்ளை என்று தெரியாமல் போவதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அவரை வீட்டைவிட்டுப் போகச் சொல். இன்றைக்கே. அலுவலகத்திலிருந்து வருவதற்கு முன்பே நீ போகச் சொன்னால்தான் உன்மேல் பழி வராது. இல்லாவிட்டால் பிள்ளையை உன்னிடமிருந்தும் எடுத்துவிடுவார்கள். பயப்படாதே, நான் இருக்கிறேன்.

உன்,
அக்கா

---

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போகச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதம் ஒன்றாம் தேதி வந்தது. அதற்கு முந்தின நாளே அலுவலகத்து அம்மா கோப்போடு வந்துவிட்டார். வாண்டின் முதுகை டேப் வைத்து அளந்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அவரிடம் கையை வைக்கச் சொன்னார். பிள்ளைகள் வரைவதுபோலப் பென்சிலால் விரல்களைச் சுற்றி வரைந்தார். அந்தத் தாளை முதுகில் வைத்துப் பார்த்தார். பொருந்தியது. வாண்டு கூச்சத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். அவர், “இது என் கைதான் மேடம். ஆனா நான் அடிக்கல” என்றார். அந்த அம்மா எழுதிக்கொண்டார்.

மறுநாள் உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, “கொஞ்ச நாளைக்கு நீங்க வெளியே இருங்க” என்றேன். அவர் சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். “நீயும் நம்புறியா?” என்று மட்டும் கேட்டார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். இரண்டு சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு போனார். பணிமனையில் நிற்கிற பழைய பஸ்ஸில் படுத்துக்கொள்கிறாராம். வாண்டு கதவுப் பக்கம் செருப்புச் சத்தம் கேட்டால் ஓடுகிறாள்.

அவர் போன பிறகு புதிதாக ஒரு தடமும் வரவில்லை. அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டார். ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. அடிபட்ட தடமென்றால் பச்சையாகி, மஞ்சளாகி மறையும் என்று காப்பக ஆசிரியையே சொன்னார். இது பத்து நாளாக நிறமே மாறவில்லை. தொட்டால் அவளுக்கு வலிக்கவும் இல்லை. தோலைப் பற்றி உனக்குத் தெரியாததா? இதை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா?

இருபத்தைந்தாம் தேதி அலுவலகத்தில் விசாரணை. அவர் திரும்ப எங்களோடு இருக்கலாமா கூடாதா என்று அன்றைக்குச் சொல்லிவிடுவார்கள். கூடாது என்றால் மாதம் ஒருமுறை, ஆள் உடன் இருக்க, ஒருமணி நேரம் பார்க்கலாமாம். நான் செய்தது சரிதானே அக்கா? சரி என்று ஒரு வரி எழுது.

உன்,
எறும்பு

---

ஜூன் 15

அக்கா,

என் கடிதம் கிடைத்ததா? ஒரு வரிதானே கேட்டேன். உடம்புக்கு ஏதாவதா? போன வாரம் இரண்டு தடவை யாரோ கீழ்வீட்டுக்குப் போன் செய்து, அந்த அம்மாள் எடுத்ததும் பேசாமல் வைத்துவிட்டார்களாம். அது அவராக இருக்கும் என்று நினைத்து, நான் படியிலேயே உட்கார்ந்து காத்திருந்தேன். பிறகு மணி அடிக்கவில்லை.

இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. பொத்தானைச் சட்டையின் தப்பான பக்கத்தில் தைத்து இன்றைக்குத் திட்டு வாங்கினேன்.

எறும்பு

---

ஜூன் 19
விரைவுத் தபால்

அன்புள்ள எறும்புக்கு,

இதனுடன் இருக்கும் டாக்டரின் கடிதத்தை முதலில் படி. படித்துவிட்டு நேராக அந்த அலுவலகத்துக்குப் போ. என் கடிதத்தைப் பிறகு படிக்கலாம்.

மாப்பிள்ளை அடிக்கவில்லை. அந்தத் தடங்கள் எலுமிச்சையால் வந்தவை. எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது கடும் வெயில் பட்டால், சாறு பட்ட இடமெல்லாம் வெந்துபோகும். உடனே தெரியாது. ஓரிரு நாளில் சிவக்கும், பிறகு அப்படியே கறுத்துவிடும். மாதக்கணக்கில் இருக்கும். அவர் சாற்றைக் கழுவாத கையால் அவளைத் தூக்கியிருக்கிறார், வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். தொட்ட இடமெல்லாம் தடமாகிவிட்டது. உள்ளங்கைத் தோல் தடிமன், அதனால் அவருக்கு உள்ளே ஒன்றும் ஆகியிருக்காது. புறங்கையைப் பார்க்கச் சொல்.

பத்திரிகையில் எலுமிச்சை என்று எழுதும்போதெல்லாம் கடைசி வரியாக, ‘நன்றாகக் கழுவிவிடவும், தடவிக்கொண்டு வெயிலில் போகக்கூடாது’ என்று போடுவேன். ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட விட்டதில்லை. பிள்ளைக்கு எழுதியபோது எத்தனை எச்சரிக்கை எழுதினேன், எடுத்துப் பார். அவருக்கு எழுதியபோது எனக்கு அவரைக் கிண்டல் செய்வதிலேயே கவனம். கழுவ வேண்டாம் என்றல்லவா எழுதினேன்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இது எனக்கு நேற்றுத் தெரிந்ததல்ல. ஜூஸ் கடையில் பழம் பிழிகிற ஒரு பெண், முன்னங்கையில் ஒழுகிய மாதிரிக் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறது என்று பத்திரிகைக்கு எழுதியிருந்தாள். ஜூன் எட்டாம் தேதி டாக்டர் காரணத்தைச் சொன்னார். உன் நான்காம் தேதிக் கடிதமும் அன்றைக்குத்தான் என் மேஜைக்கு வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அப்போதே தெரிந்துவிட்டது.

பதினொரு நாள் சும்மா இருந்தேன். கீழ்வீட்டுக்குப் போன் செய்து வைத்தது நான்தான். வேலை போய்விடுமோ என்று பயந்தேன் என்று சொன்னால் நீ நம்புவாய், அது பாதி உண்மை. மீதியையும் சொல்கிறேன். அவர் போய்விட்டார் என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். பின்கட்டு அறையை ஒழித்து, வாண்டுக்கு ஒரு கட்டிலுக்குக்கூடச் சொல்லி வைத்தேன். பிறகு உன் பதினைந்தாம் தேதிக் கடிதம் இன்று வந்தது. நீ படியில் உட்கார்ந்து காத்திருந்தாய் என்று எழுதியிருந்தாய்.

என்னை மன்னித்துவிடு. இல்லை, முதலில் அலுவலகத்துக்குப் போ.

உன்,
அக்கா

---

ஜூலை 2

அக்காவுக்கு,

உன் கடிதத்தை இருபத்தொன்றாம் தேதி மத்தியானம் கீழ்வீட்டு அம்மாள் நான் வேலை செய்யும் இடத்துக்கே கொண்டுவந்து கொடுத்தார். அப்படியே வேலையிலிருந்து போட்டது போட்டபடி ஓடினேன். அவர்கள் தங்கள் தோல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த டாக்டர் வாண்டைப் பார்த்துவிட்டு, அவரைக் கூப்பிட்டுப் புறங்கையைக் காட்டச் சொன்னார். மணிக்கட்டுப் பக்கம் சொட்டுச் சொட்டாகக் கறுப்பு. அதுவரை அதைக் கிரீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். போகவில்லை.

விசாரணையில், ஆதாரமாக நீ மே மாதம் எழுதிய குறிப்பைக் கேட்டார்கள். என்னிடம் இருந்தது உன் கடிதம்தான். கொடுத்தேன். அந்த அம்மா அதை எல்லார் முன்னாலும் சத்தமாகப் படித்தார். ஒரு வரிகூட விடவில்லை. ‘அது பிள்ளையா, ஸ்பேனரா’ என்பதையும் படித்தார், கல்யாணப் பதிவேட்டையும் படித்தார். இவர் தன் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கோப்பை மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில், “அக்கா நல்லதுக்குத்தானே சொன்னாங்க” என்றார். அதற்குப் பிறகு உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். வேலையிலிருந்து வந்தால் சோப்புப் போட்டுக் கழுவுகிறார், கழுவிக்கொண்டே இருக்கிறார். விரல் இடுக்கில் தோல் வெடித்திருக்கிறது. அவள் ஓடிவந்தால், ஒரு துண்டை எடுத்து அவளைச் சுற்றிவிட்டுத்தான் தூக்குகிறார். வெறுங்கையால் இன்னும் தொடவில்லை. அவள் துண்டை உருவி எறிகிறாள். அது ஒரு விளையாட்டென்று நினைக்கிறாள். நான் கழுவ வேண்டாம் என்றால் சிரிக்கிறார். ‘நீயும் நம்புறியா’ என்று அவர் கேட்டதற்கு நான் இன்றைக்கு வரைக்கும் பதில் சொல்லவில்லை. அதற்கு உன்னைக் குறைசொல்ல மாட்டேன். போகச் சொன்ன வாய் என்னுடையதுதான்.

ஒரு வரி விட்டுப்போனதற்கும் எனக்கு உன்மேல் கோபம் இல்லை. எனக்குந்தான் பொத்தான் இடம் மாறுகிறது. ஆனால் அந்தப் பதினொரு நாளும் அவர் பழைய பஸ்ஸில் படுத்திருந்தார், பிள்ளை கதவுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நீ கட்டிலுக்குச் சொல்லி வைத்தாய். அதை நான் என்ன செய்வதென்று தெரியவில்லை.

தடம் மறைய மூன்று நான்கு மாதம் ஆகும் என்கிறார் டாக்டர். அதுவரை நீ எழுதாதே, வரவும் வேண்டாம். மறைந்தால் நானே எழுதுகிறேன்.

வாண்டின் அம்மா

---

நவம்பர் 20

அன்புள்ள எறும்புக்கு,

எழுதாதே என்றாய். நான்கு மாதம் போய்ப் பதினெட்டு நாளும் ஆகிவிட்டது. இந்நேரம் மறைந்திருக்கும் என்று எங்கள் டாக்டர் சொல்கிறார். நான் தினமும் கேட்பதால் இப்போது என்னைக் கண்டாலே அவர் அதைச் சொல்லிவிடுகிறார்.

முப்பத்திரண்டாம் பக்கத்தை இப்போது வேறொருவர் எழுதுகிறார். நானே கேட்டு விலகிக்கொண்டேன். உள்ளே கடிதம் பிரிக்கிற வேலையில் இருக்கிறேன். தினமும் தபால்காரர் வந்ததும் முதலில் கட்டை அவிழ்த்து, கையெழுத்தை மட்டும் பார்த்துவிடுவேன்.

மாப்பிள்ளையின் கை வெடிப்புக்கு ஒன்று எழுத நினைத்தேன். எழுதவில்லை. சோப்பைக் குறைக்கச் சொன்னால் போதும்.

தபால்தலை ஒட்டிய உறை ஒன்று இணைத்திருக்கிறேன். என் விலாசத்தையும் நானே எழுதிவிட்டேன். கடிதம் வேண்டாம். மறைந்திருந்தால் அந்த உறையை வெறுமனே ஒட்டிப் பெட்டியில் போடு, நான் புரிந்துகொள்வேன்.

உன்,
அக்கா